சத்தம் போடாத வக்கீல்களின் கணக்கு

பினாங்கு லைட் சாலையில், உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1869-இல் இறந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற ஸ்காட்லாந்துக்கார வழக்கறிஞருக்கு எழுப்பப்பட்டது அது. ‘பினாங் கெஸட்’ பத்திரிகையை நடத்தியவர் அவர். ‘இந்தோனேசியா’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஆனால் பினாங்கு அவரை நினைப்பது வேறொரு காரணத்துக்காக. வெள்ளையர் அல்லாத மக்களின் உரிமைக்காகக் காலனி அரசோடு மல்லுக்கு நின்றவர் லோகன். அவருக்குப் பிறகு நம் காலத்தில் வழக்கறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான கர்ப்பால் சிங் இருந்தார். 2014 ஏப்ரல் 17 அன்று அவர் சாலை விபத்தில் மறைந்தபின், ஜெலுத்தோங் கடலோரச் சாலை ஒன்று அவர் பெயரைப் பெற்றது. இரண்டு மரியாதைகளும் நியாயமானவைதான். என் கவலை வேறு. ஏழைகளுக்காக உழைக்கும் வழக்கறிஞர்களில் பெரும்பாலோர் இப்படி நினைக்கப்படவே முடியாதவர்கள். அதற்குக் காரணம் நம் நன்றிகெட்டதனம் என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையான காரணம் அந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு மருத்துவர் உயிரைக் காப்பாற்றினால் அந்தக் குடும்பம் ஊரெல்லாம் சொல்லும். ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றால் பழைய மாணவர்கள் மாலை போடுவார்கள். வக்கீலிடம் வருகிறவரின் கதை அப்படியல்ல. மகன் லாக்கப்பில் இருக்கிறான், வட்டிக்காரன் வீட்டு வாசலில் நிற்கிறான், கணவன் அடிக்கிறான் என்று வந்தவர், பிரச்சினை தீர்ந்ததும் அதை மறக்கத்தான் விரும்புவார். வக்கீலும் வாய் திறக்க முடியாது. கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்று மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, இந்த வேலையின் மிகச் சிறந்த பலன் கண்ணுக்கே தெரியாது. குற்றச்சாட்டே பதிவாகாமல் வீடு திரும்பிய பையனைப் பற்றி எந்தச் சட்ட அறிக்கையிலும் ஒரு வரி இருக்காது. தோற்ற வழக்கு தலைப்புச் செய்தியாகிறது. நடக்காமல் போன வழக்குக்குச் சாட்சியே கிடையாது.

கர்ப்பாலின் வாழ்க்கையிலேயே இதைப் பார்க்கலாம். நாடாளுமன்றத்தில் அவர் முழங்கியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் போதைப்பொருள் வழக்குகளில் தூக்குக் கயிற்றை எதிர்நோக்கி நின்றவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் மேல்முறையீடு, கருணை மனு என்று அவர் அலைந்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1983-இல் மரண தண்டனை கட்டாயமான பிறகு, நீதிபதியே இரக்கப்பட்டாலும் குறைக்க வழியில்லாமல் போனது. அவர் வாதாடிய ஆஸ்திரேலியர் பார்லோ 1986-இல் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கட்டாயத்தை நாடாளுமன்றம் 2023-இல்தான் நீக்கியது. கர்ப்பால் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தோற்ற வழக்குகள் சேர்ந்து சேர்ந்துதான் அந்தச் சட்டம் ஆட்டம் கண்டது என்பது என் கணிப்பு.

இதே பினாங்கில் இன்னொரு வகை வழக்கறிஞருக்கும் இடம் இருந்தது. 1941-இல் இங்கே பிறந்து, லண்டன் லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படித்தவர் செசில் ராஜேந்திரா. வெளியுலகம் அவரை ஆங்கிலக் கவிஞராக அறியும். சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுத்ததால் 1993-இல் அரசாங்கம் அவருடைய கடப்பிதழைப் பறித்தது என்பதையும் சிலர் அறிவார்கள். (கேபரே நடனக்காரி ரோஸ் சானின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் இவரே. ஊர் முகம் சுளித்தவர்கள் பக்கம் போய் உட்காருவது அவர் சுபாவம் போலும்.) பினாங்கில் ஏழைகளுக்கான இலவச சட்ட உதவியைத் தொடங்கிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். எனக்கு அவருடைய கவிதை நூல்களைவிடப் பெரிதாகத் தெரிவது இதுதான். தனி மனிதர் ஒருவரின் தர்ம சிந்தனை அவரோடு போய்விடும். ஓர் அறை, ஒரு மேசை, வாரத்தில் இன்ன நாள் இன்ன வழக்கறிஞர் என்ற முறை ஆகியவை அமைந்துவிட்டால், ஆள் மாறினாலும் வேலை நிற்காது.

அந்த மேசைக்கு என்ன வருகிறது என்று பார்த்தால்தான் அதன் அருமை புரியும். பெரும்பாலும் ஒரு கசங்கிய உறை. உள்ளே மலாய் மொழியில் ஒரு சம்மன். அதில் தேதி இருக்கிறது, எந்த அறைக்குப் போக வேண்டும் என்பது புரியவில்லை. அல்லது முந்தைய இரவு கைதான தம்பி. 24 மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்திரேட் முன் கொண்டுவந்தாக வேண்டும். போலீஸ் ரிமாண்ட் கேட்கும். குற்றத்தைப் பொறுத்து மொத்தம் ஏழு நாள் வரையோ பதினான்கு நாள் வரையோ கிடைக்கும். அங்கே எழுந்து, “இத்தனை நாள் எதற்கு?” என்று கேட்க ஓர் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதே பல குடும்பங்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. தினக்கூலிக்குப் போகிறவன் ஒரு வாரம் உள்ளே இருந்தால் வேலை போய்விடும். இதற்குப் பெரிய சட்ட மேதை வேண்டாம். காலையிலேயே வந்து காத்திருக்கும் ஒருவர் போதும்.

இதற்குத்தான் அரசாங்கம் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். அரசின் சட்ட உதவிப் பிரிவு 1970-களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. 2011-இல் தேசிய சட்ட உதவி அறவாரியமும் வந்தது. ஆனால் அறவாரியத்தின் உதவி பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். நம் நாசி கண்டார் கடையில் தட்டுக் கழுவும் தமிழ்நாட்டுப் பையனின் கடப்பிதழை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால், அது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அதை அவனுக்கு யார் சொல்வது? மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள்தான் அந்த இடத்தில் நிற்கின்றன. அவற்றின் செலவுக்கு மன்றத்தின் உறுப்பினர்கள் ஆளுக்கு ஆண்டுக்கு 100 ரிங்கிட் கட்டுகிறார்கள் என்பது பொதுமக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தொண்டர்களைப் புகழப் புகழ அரசு தன் கடமையைத் தட்டிக் கழிக்கும், இலவச உதவி என்பது ஓட்டைக்குப் போடும் ஒட்டுதான் என்ற வாதம். இதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 1963-இல் உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் சொன்னபிறகுதான் ஏழைக்கு வக்கீல் கொடுப்பது மாநிலங்களின் பொறுப்பானது. இந்தியாவில் ஹுசைனாரா காத்தூன் வழக்கு 1979-இல் அதே பாதையைத் திறந்தது. ஆனால் அந்த இந்திய வழக்கு எதில் தொடங்கியது? பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கறிஞரிடம். பொறுப்பு அரசுடையதுதான், அதை அரசிடம் நிரூபித்துக் காட்டும் கோப்புகள் சின்ன அறைகளிலிருந்துதான் வருகின்றன.

நம் சமூகத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் நாம் போடும் தண்ணீர்ப் பந்தல்களைப் பார்த்து உலகமே வியக்கிறது. அதே சங்கங்களுக்கு மண்டபம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, செயலவை இருக்கிறது. மாதத்தில் ஒரு மாலை அந்த மண்டபத்தைத் திறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளின் பெற்றோர், சம்பளம் நின்றுபோன தொழிலாளி, சம்மன் வந்த பையன் என்று வருகிறவர்களைச் சட்ட உதவி மையத்து இளம் வழக்கறிஞர்களோடு உட்கார வைக்கலாம். செலவு தேநீருக்கு மட்டும்தான். வருகிறவர் வெட்கப்படாமல் பேச கதவு சாத்திய ஒரு தனி அறை மட்டும் வேண்டும். அதைத் தரத் தயாராக இல்லாத சங்கம் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.