தலைப்பாகையோடு போயிற்று என்று இருந்து விடலாமா?

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பது நம் கடைவீதிகளில் அடிக்கடி காதில் விழும் சொல். கொள்முதலுக்குப் போனவர் சட்டையெல்லாம் மண்ணோடு வந்து கல்லாவில் உட்காருவார். என்ன, ஏது என்று கேட்டால், 'லாரிக்காரன் ஒருத்தன் கட் அடித்தான், மயிரிழையில் தப்பினேன்' என்பார். பக்கத்துக் கடைக்காரர் ஒரு சோடா உடைத்துக் கொடுப்பார். வீட்டில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். மறுநாள் அதிகாலையில் அதே சாலையில் அவர் மறுபடியும் புறப்பட்டு விடுவார். அந்த லாரியும் புறப்பட்டிருக்கும்.

சுற்றிப் போடுவதையோ காசு முடிவதையோ நாம் குறை கூறவில்லை. பயந்த மனதுக்கு அதில் ஒரு தெம்பு உண்டு. ஆனால் அத்துடன் கணக்கு முடிந்து போகிறதே, அது முறைதானா என்பதே நம் கேள்வி. ஒரு மூட்டை துவரம் பருப்பில் இரண்டு கிலோ குறைந்தால் வணிகர் சும்மா இருப்பாரா? எந்த மில், எந்த வண்டி, எந்த எடைமேடை, இறக்கிய ஆள் யார் என்று துருவித் துருவி விசாரிப்பார். அடுத்த லோடுக்கு அந்த இரண்டு கிலோவை வசூல் செய்து விட்டுத்தான் ஓய்வார். ஒரு குடும்பத்தைத் தாங்கும் உயிர் ஒரு சாண் இடைவெளியில் மிஞ்சியதற்கு மட்டும் எந்தப் பேரேட்டிலும் பற்று வரவு இல்லை.

அரசாங்கத்தின் பேரேட்டிலும் இல்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் மாண்டனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு எல்லா மாநிலங்களுக்கும் முன்னால் நின்றது: 64,105. உயிரிழந்தோர் 17,884 பேர். நாளொன்றுக்குச் சராசரியாக 49 பேர். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இவை யாவும் மோதியவை பற்றிய கணக்கு. மோதாமல் மயிரிழையில் விலகிப் போனவற்றை எண்ணிப் பார்ப்பார் எவரும் இல்லை. இன்று விலகிப் போகும் வண்டிதான் என்றோ ஒரு நாள் மோதப் போகும் வண்டி என்பதைச் சொல்லப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

'அடியும் படவில்லை, வண்டியும் நெளியவில்லை, என்னவென்று புகார் கொடுப்பது?' என்று கேட்கும் நண்பர்கள் பலர். இங்கே ஒரு தவறான எண்ணம் ஊறிப் போயிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 184ஆவது பிரிவு, ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதையே குற்றம் என்கிறது. யாருக்காவது காயம் பட்டிருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, செல்போனைக் கையில் பிடித்துக் கொண்டு ஓட்டுவது, விதிக்கு மாறாக முந்துவது, எதிர்த் திசையில் வருவது ஆகியவற்றை அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 281ஆவது பிரிவு இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்து விளையும்படி கண்மூடித்தனமாக ஓட்டினாலே போதும், அது பொருந்தும். ஆக, தப்பிப் பிழைத்தவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

சரி, அந்த ஓட்டுநர் ஏன் அப்படி ஓட்டுகிறார்? 'குடிகாரன்', 'திமிர் பிடித்தவன்', 'சின்னப் பயல்' என்று நாம் எளிதில் சொல்லி விடுகிறோம். அப்படிப்பட்டவர்களும் உண்டுதான். ஆனால் எங்கள் அனுபவம் ஒன்று வேறு விதமாகச் சொல்கிறது.

கடந்த மார்கழியில் சங்க வேலையாக நாங்கள் இருவர் திண்டுக்கல்லிலிருந்து தேனிக்கு வாடகைக் காரில் சென்று கொண்டிருந்தோம். வத்தலக்குண்டு தாண்டித் தேவதானப்பட்டியை நெருங்கும் நேரம். பனி மூட்டம், இன்னும் சரியாக விடியவில்லை. பின்னால் வந்த லாரி ஒன்று ஹார்னை விடாமல் அடித்துக் கொண்டு எங்களை முந்த வலப்புறம் ஏறியது. எதிரே ஒரு பேருந்தின் விளக்குகள் தெரிந்தன. லாரி பின்வாங்கவில்லை. எங்கள் காருக்குப் பக்கவாட்டில் பாதி தூரம் வந்த நிலையில் அப்படியே இடப்புறம் ஒடித்தது. சன்னல் வழியாகக் கை நீட்டினால் தார்ப்பாயைத் தொட்டு விடலாம் போலிருந்தது. எங்கள் காரோட்டி அனுபவசாலி. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, இடப்புறச் சக்கரங்களை மெதுவாக மண்ணில் இறக்கினார். கார் குலுங்கிக் கொண்டே ஓடி ஒரு மைல் கல்லுக்கு முன்னால் நின்றது. கல்லுக்கும் பம்பருக்கும் இடையே ஒரு முழம் இருக்கலாம். பேருந்து கடந்து போயிற்று. லாரியின் சிவப்பு விளக்கு பனிக்குள் மறைந்தது. கொஞ்ச நேரம் எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை. கைநடுக்கம் நிற்கும்வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று காரோட்டி இறங்கி நின்று விட்டார். அவர் செய்தது மிகச் சரி. இப்படிப்பட்ட நேரத்தில் ஆத்திரப்பட்டுத் துரத்திப் போய் இரண்டாவது விபத்தைத் தேடிக் கொண்டவர்கள் உண்டு.

வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எங்களில் ஒருவர் கண்ணில் பட்டிருந்தது. அந்த லாரியை அன்று காலையிலேயே மறுபடியும் பார்ப்போம் என்று நாங்கள் நினைக்கவில்லை. தேனியில் ஒரு மொத்தக் கடை வாசலில் வெங்காய மூட்டை இறக்கிக் கொண்டு நின்றது. ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. கண் இரண்டும் கோவைப் பழம். சண்டை பிடிக்கத்தான் போனோம். அவரோ எங்களைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு விட்டார். 'மன்னிச்சுக்கங்க அண்ணாச்சி. லோடு ஏத்தி முடிக்கவே நாலே முக்கால் ஆயிருச்சு. ஆறு மணிக்குள்ள வாசல்ல நிக்கலைன்னா வாடகையில ஐநூறு பிடிச்சிருவாங்க. நேத்தும் பிடிச்சாங்க' என்றார். கிளீனர் இல்லை. முந்தின இரவும் அவர்தான் ஓட்டியிருக்கிறார்.

கணக்குப் போடுவது நம் தொழில். போட்டுப் பார்ப்போம். திண்டுக்கல்லிலிருந்து தேனி ஏறத்தாழ 75 கிலோமீட்டர். நாலே முக்காலுக்கும் ஆறுக்கும் நடுவே 75 நிமிடம். அதாவது செம்பட்டி, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் என்று வழியிலுள்ள ஊர்கள், வளைவுகள், வேகத்தடைகள் அத்தனையும் உட்பட மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டர் ஓட வேண்டும். நான்குவழிச் சாலை அல்லாத இத்தகைய சாலைகளில் சரக்கு வாகனத்துக்கு மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு அறிவிக்கை வகுத்த உச்ச வேகமே 60தான். உச்ச வேகத்தையே சராசரி வேகமாகக் கேட்டால் என்ன ஆகும்? காலியான இடத்தில் 80ஐத் தொட வேண்டும். முந்தக் கூடாத இடத்தில் முந்த வேண்டும். லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம்தானே என்பீர்கள். அந்தக் கருவி 80இல்தான் தடுக்கும். அறுபதுக்கும் எண்பதுக்கும் நடுவிலுள்ள இருபதில்தான் அன்று எங்கள் உயிர் ஊசலாடியது.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் கடக்கும். எதிரே 60இல் வரும் பேருந்தையும் சேர்த்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் வினாடிக்கு 39 மீட்டர் சுருங்கும். இருநூறு மீட்டர் இடைவெளி என்பது பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். ஐந்தே வினாடியில் தீர்ந்து விடும். தூக்கம் கெட்ட கண்ணுக்கு இந்தக் கணக்கு பிடிபடாது.

இத்தனை ஆபத்துக்கும் கிடைத்த ஆதாயம் எவ்வளவு? சராசரி 60இல் வந்தால் 75 நிமிடம். 50இல் வந்தால் 90 நிமிடம். மிச்சம் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைச் சாலையில் பிடிக்க வேண்டியதில்லை. லோடு ஏற்றும் இடத்திலேயே பிடித்திருக்கலாம். தராசு காலியாக இல்லை, சாக்குத் தைக்கும் ஆள் வரவில்லை, பில் போடுபவர் டீ குடிக்கப் போய் விட்டார் என்று அங்கே ஒன்றரை மணி நேரம் வீணாவது நமக்குத் தெரியாததா? வீணான நேரத்துக்கெல்லாம் ஸ்டீயரிங் பிடித்தவன் தலையில் பில் போடுவது என்ன நியாயம்?

இந்த இடத்தில் சட்டம் சொல்வதைப் பல வணிகர்கள் அறிந்திருக்கவில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவு வேக வரம்பு மீறலைப் பற்றியது. அதன் நான்காவது உட்பிரிவு வண்டி ஓட்டாதவரைப் பற்றிப் பேசுகிறது. இத்தனை மணிக்குள் பயணத்தை முடிக்க வேண்டும் என்று ஒருவர் உத்தரவிடுகிறார். வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிப்பது இயலாது என்று நீதிமன்றம் கருதுகிறது. அப்படியானால் அந்த உத்தரவே, அதைக் கொடுத்தவர் குற்றம் செய்ததற்கு முதல்நிலைச் சாட்சியமாகக் கொள்ளப்படும். 188ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஆபத்தான ஓட்டுதலுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் ஓட்டியவருக்குரிய அதே தண்டனை. அதிகச் சுமை விஷயத்திலும் இப்படித்தான். 194ஆவது பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் அதற்குள் வருகிறார். 'ஆறு மணிக்குள் வரவில்லையென்றால் ஐநூறு பிடிப்பேன்' என்று செல்போனில் சொன்ன வார்த்தை ஒரு நாள் நீதிமன்றத்தில் வந்து நிற்கக் கூடும். இப்போது எல்லாருடைய போனிலும் பேச்சு பதிவாகிறது!

'காய்கறி வாடிப் போகும், ஆறு மணிக்குச் சில்லறைக் கடைக்காரர் வந்து நிற்பார், சரக்கு இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய் விடுவார்' என்ற மறுப்பு வரும். இது வெறும் சாக்கு அல்ல; போட்டி நிறைந்த தொழிலின் உண்மை. தக்காளி விலை விடிந்தால் ஒன்று, எட்டு மணிக்கு இன்னொன்று என்பது நமக்கும் தெரியும். ஆனால் கால் மணி தாமதத்தில் கெட்டுப் போகும் காய்கறி எதுவும் இல்லை. மளிகை, பருப்பு, எண்ணெய், ஜவுளி, இரும்புச் சாமான் வியாபாரிகள்கூட இதே அவசரத்தைக் காட்டுகிறார்களே, அவர்களுக்கு எது வாடுகிறது? அரசாங்கமே இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அவகாசம் தந்திருக்கிறது. காலாவதி ஆவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ தக்க காரணம் காட்டி நீட்டித்துக் கொள்ளவும் வழி உண்டு. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அந்தக் காலத்திலேயே வரையறுத்தது. அரசாங்கம் கொடுக்கும் அவகாசத்தைக் கடை ஏன் பறிக்க வேண்டும்?

லாரி உரிமையாளர்களை நாம் தப்ப விடவில்லை. ஓட்டுநரைத் தொடர்ந்து இரண்டு இரவு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. அவர்கள் சங்கத்துடன் தனியே பேச வேண்டும். ஆனால் லாரி வாடகையைக் கொடுப்பவர் வணிகர். பணம் கொடுப்பவர் சொல் அம்பலம் ஏறும். 'மெதுவாக வா, தாமதத்துக்குப் பிடித்தம் இல்லை, ஆனால் முந்தின இரவு தூங்கிய ஓட்டுநரை அனுப்பு' என்று பத்து மொத்தக் கடைகள் சொன்னால் லாரி ஆபீஸ்கள் கேட்டே தீரும்.

போகிற போக்கில் இன்னொன்றையும் சொல்லி விடுகிறோம், சிலருக்குக் கோபம் வரலாம். ஆயுத பூஜை அன்று கண்ணேறு கழிக்கக் கடை வாசலில் உடைக்கும் பூசணிக்காய் பாதிச் சாலையில் கிடக்கிறது. இருளில் இரு சக்கர வாகனத்தில் வருபவர் அதன் மேல் ஏறினால் சறுக்கி விழாமல் என்ன செய்வார்? நம் கண்டம் கழிய ஊரான் காலை ஒடிக்க வேண்டுமா? உடைத்த கையோடு ஓரமாக ஒதுக்கி விட ஒரு பையனுக்கு இரண்டு நிமிட வேலை.

எண்ணெய் டின்னும் சர்க்கரை மூட்டையும் மொபெட்டில் கட்டிக் கொண்டு விடியற்காலையில் வரும் சிறு கடைக்காரர்களே மேற்சொன்ன லாரிகளுக்கு முதலில் எதிர்ப்படுபவர்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. வாகன உரிமையாளரே ஓட்டுபவராக இருந்தால் அவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டுத் தொகை 2018இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி இருந்தால் அந்தத் தொகை கைக்கு வருவது கடினம். பின்பக்கச் சிவப்பு விளக்கை மூட்டை மறைக்காமல் கட்டுங்கள்.

அந்த ஓட்டுநர் மேல் நாங்கள் புகார் கொடுத்தோமா என்று கேட்கலாம். கொடுத்தோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில் வண்டி எண், இடம், நேரத்துடன், ஆறு மணிக் கெடுவையும் ஐநூறு ரூபாய்ப் பிடித்தத்தையும் சேர்த்தே எழுதினோம். ஓட்டுநரின் உரிமத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கெடு வைத்தவரையும் அவர்கள் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

வரும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்க இருக்கிறோம். ஒன்று, உறுப்பினர் கடைகள் எதுவும் லாரி வாடகையில் தாமதப் பிடித்தம் செய்வதில்லை என்பது. மற்றொன்று, லோடு ஏற்றி முடித்த நேரத்தை வாடகைச் சீட்டில் எழுதி, அந்த நேரத்திலிருந்தே பயண நேரத்தைக் கணக்கிடுவது என்பது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து பேச வேண்டுகிறோம். இதற்கிடையில் சங்க அலுவலகத்தில் ஒரு குறிப்பேடு போட்டு வைத்திருக்கிறோம். மயிரிழையில் தப்பி வந்தவர்கள் வண்டி எண், இடம், நேரம் மூன்றையும் அதில் எழுதி வைக்கலாம். முழு எண் தெரியாவிட்டால் கடைசி நான்கு இலக்கம் போதும். எழுதுபவர் பெயர் போடுவது அவரவர் விருப்பம். மாதக் கடைசியில் அதன் நகல் போக்குவரத்து அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போகும்.