ஸ்பேனருக்கு முன் ஒரு கேள்வி



கப்சாய் எனப்படும் பழைய சின்ன மோட்டார்சைக்கிள்களைப் பற்றி சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்றை மேசையிலிருந்து எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதியவர் ஜொகூர் மாநிலத்தின் தங்காக்கைச் சேர்ந்த இளைஞர். சாகில் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. தினமும் போய்வர ஒரு யமஹா ஒய்15. மிகைநேரம் பார்த்துச் சேர்த்த காசில் அதற்கு 62 பிஸ்டன் போட்டிருக்கிறார். முதல் வாரம் மோட்டார் பறந்திருக்கிறது. அதற்குப் பிறகு சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆவதில்லை, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, பெட்ரோல் செலவும் ஏறிவிட்டது. செய்து கொடுத்த பட்டறை, எஞ்சினின் கணினியான ஈசியூவை மாற்றச் சொன்னது. மாற்றினார். இரண்டாவது பட்டறை த்ராட்டில் பாடியை மாற்றச் சொன்னது. அதையும் மாற்றினார். மூன்றாவது பட்டறை முந்தைய இரண்டு பேரையும் ஏசிவிட்டு, எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடலாம் என்று விலை சொல்லியிருக்கிறது. "தங்காக்கில் நல்ல டியூனிங் கடை எது ஐயா? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, பெயர் சொல்வது சுலபம். ஆனால் இந்தத் தொழிலில் வேலை பலகையில் இல்லை, கையில் இருக்கிறது. இன்றைக்குக் கடையில் இருக்கும் நல்ல ஃபோர்மேன் அடுத்த வருடம் ஜொகூர் பாருவுக்கோ, பாலம் தாண்டி சிங்கப்பூருக்கோ போய்விடுவார். பலகை மட்டும் அதே இடத்தில் தொங்கும். அதனால் கடையைக் காட்டுவதைவிட, நல்ல கையை அடையாளம் காண்பது எப்படி என்று சொல்வதே உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், உங்கள் மோட்டாருக்குள் என்ன மாறியது என்பதைப் பார்த்துவிடலாம். ஒய்15இன் சொந்த பிஸ்டன் 57 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 58.7. கணக்குப் போட்டால் 150 சிசிக்குச் சற்றுக் குறைவு. அதே ஸ்ட்ரோக்கில் 62 போட்டால் 177 சிசி. ஒவ்வொரு சுற்றிலும் கிட்டத்தட்ட 18 விழுக்காடு கூடுதலாகக் காற்று உள்ளே போகிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வர வேண்டும். கம்பெனி ஈசியூவுக்கு நீங்கள் பிஸ்டன் மாற்றியது தெரியாது; பழைய கணக்கிலேயே ஊற்றிக்கொண்டிருக்கும். அதனால் முழு த்ராட்டிலில் கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்டன் தலை உருகும் வரைக்கும் போகலாம். பெரிய இன்ஜெக்டரைப் போட்டுவிட்டுக் கணக்கைத் திருத்தாமல் விட்டால் நிலைமை தலைகீழாகும். பெட்ரோல் மிஞ்சி, ஐட்லிங்கில் மூச்சுத் திணறி அணையும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இந்த இரண்டாவது சந்தேகம்தான் முதலில் வந்தது.

இன்னொன்றும் உண்டு. ஒய்15இன் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் கிடையாது. சிலிக்கன் சேர்த்த அலுமினியத்தில் அச்சு வார்த்தது. யமஹா அதை டயாசில் என்று அழைக்கிறது. அதைக் கடைந்து அகலப்படுத்தி அப்படியே ஓட்டிவிட முடியாது. வேறு பிளாக் வாங்க வேண்டும், அல்லது ஸ்லீவ் இறக்க வேண்டும். அந்த ஸ்லீவ் எவ்வளவு தடிமன், பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி எவ்வளவு விட்டார்கள் என்று உங்கள் ரசீதில் எழுதியிருக்கிறதா? எழுதியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலான ரசீதுகளில் "62 செட்" என்ற இரண்டு வார்த்தைதான் இருக்கும்.

இனி நல்ல கை. தங்காக் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து வேலையைப் பார்த்தது நினைவுக்கு வருகிறது. உங்களுடையதைப் போலவே ஐட்லிங்கில் அணைகிற ஒரு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்தான் ஒரு பையன். ஃபோர்மேன் ஐம்பதைத் தாண்டியவர். ஸ்பேனரைத் தொடவில்லை. "வேலைக்கு ஓட்டுறியா தம்பி, இல்ல சும்மா சுத்தவா? பின்னாடி யாரையாவது ஏத்துவியா? எந்தப் பெட்ரோல் ஊத்துற? எப்பலேர்ந்து இப்படி?" என்று வரிசையாகக் கேட்டார். பையன் ஈசியூவைப் பற்றி ஆரம்பித்தான். "அது கிடக்கட்டும், அண்ணன் கேக்குறதுக்குப் பதில் சொல்லு" என்றார். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைப் பீங்கான் பகுதி வெளுத்துப் போயிருந்தது. அதை வைத்து அவர் எந்த முடிவுக்கும் வரவில்லை. மோட்டாரை ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரேயை இன்டேக் மேனிஃபோல்டின் மூட்டைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். ஒரு மூலைக்கு வந்ததும் எஞ்சின் சத்தம் மாறியது. அங்கே ஓ-ரிங் கிழிந்து, கணக்கில் வராத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. புது ரிங் போட்டு, போல்ட்டை முறையாக இறுக்கி, பழைய ரிங்கைப் பையன் கையில் கொடுத்து அனுப்பினார். கொண்டுவந்த பணத்தில் முக்கால்வாசியோடு அவன் திரும்பிப் போனான்.

என்னைக் கேட்டால் நல்ல டியூனிங் கடை என்பது இதுதான். முதலில் கேள்வி, பிறகு காற்றுக் கசிவு, வால்வு இடைவெளி, கம்ப்ரெஷன். இவையெல்லாம் சரியாக இருந்த பிறகுதான், ஈசியூவின் கணக்கைத் திருத்த லேப்டாப்பைத் திறக்க வேண்டும். நோயாளியின் நாடியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியரிடம் நாம் போக மாட்டோமே.

லேப்டாப்பைத் திறக்கும்போதும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். முழு த்ராட்டிலில் சக்திக்காகவும் சூட்டைத் தணிக்கவும் இதை 12.5, 13 என்ற அளவுக்கு இறக்கி வைப்பார்கள். இந்த எண்ணைக் காதால் கேட்டுச் சொல்ல முடியாது. எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் சென்சர் மாட்டி, ஓடும்போதே பார்க்க வேண்டும். தங்காக் அளவு ஊரில் ஒவ்வொரு பட்டறையிலும் டைனோ ரோலர் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வைட்பேண்ட் கருவியோ கையடக்கமானது. மேப், அதாவது ஈசியூவுக்கான பெட்ரோல் கணக்கு, எழுதிக் காசு வாங்கும் கடையில் அதுவாவது இருக்க வேண்டும். அது இல்லாமல் "என் மேப் எல்லா ஒய்15க்கும் ஒத்துவரும்" என்று சொல்லும் கடையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்துவிடுங்கள். பொதுச் சாலையில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் டியூன் செய்வேன் என்பவரிடமும் வேண்டாம். நம் மலேசியாவில் சாலையில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டாரில் போகிறவர்கள். அப்படி ஆளை இழந்த வீடுகளில் எத்தனை நம் வீடுகள் என்பது தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கே தெரியும். அதனால் சக்தியைக் கூட்டக் கேட்டு வருபவனிடம் முதலில் பிரேக்கையும் டயரையும் காட்டச் சொல்லும் ஃபோர்மேனை நான் மதிக்கிறேன்.

இந்தக் கைத்திறன் நம் நாட்டில், சாலையில் சட்டவிரோதப் பந்தயம் ஓட்டும் ரெம்பிட் கூட்டத்திடமிருந்து வரவில்லை. 1994இல் தொடங்கிய கப் பிரிக்ஸ் பந்தயம்தான் இதன் பள்ளிக்கூடம். சந்தைக்கும் வேலைக்கும் போகிற கப்சாயை எடுத்து, ஊர் ஊராக அதில் பந்தயம் நடத்தினார்கள். அந்தப் பந்தயத்தில் வளர்ந்த ஹாஃபிஸ் ஷாரின் 2018இல் மோட்டோஜிபி வரை போனார். தென்கிழக்காசியாவிலிருந்து அந்த உச்சப் பிரிவில் ஓட்டிய முதல் ஆள் அவர். பந்தயக் கொட்டகையில் வேலை பார்த்த மெக்கானிக்குகள் பழகிக்கொண்ட ஒரு நல்ல வழக்கம், நோட்டுப் புத்தகம். என்ன ஜெட், என்ன டைமிங், அன்றைக்கு வெயிலா மழையா என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். தமிழ்நாட்டிலும் இப்படித்தான், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைத் தளமும் சென்னைப் பட்டறைக்காரர்களை வளர்த்தன. எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு மேசையில் கிடக்கும் பட்டறையைப் பார்த்தால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். உங்கள் வண்டிக்கும் அதில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 150 சிசி வரை மோட்டாருக்கு ரோட் டாக்ஸ் 2 ரிங்கிட், 151 முதல் 200 வரை 30 ரிங்கிட். அந்த 28 ரிங்கிட் பெரிதில்லை. ஆனால் உங்கள் வண்டிப் பதிவு கிராண்டில் 150 என்றும் எஞ்சினில் 177 என்றும் இருந்தால், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் முறையாகத் தெரிவித்து அனுமதி வாங்காத மாற்றம் அது. ரோட் பிளாக்கில் சம்மன் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏதாவது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். வீட்டில் சம்பாதிக்கிற பிள்ளை நீங்கள். 57க்கே திரும்பி, நல்ல ஸ்ப்ராக்கெட், புது கிளட்ச் தட்டு, சுத்தம் செய்த இன்ஜெக்டர், நன்றாகப் பிடிக்கும் பிரேக் என்று அமைத்துக்கொண்டால் மூவாருக்குப் போய்வர அது தாராளம் என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் கேட்ட பெரிய செட்டை விற்காமல் இதை எடுத்துச் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால், நண்பர்களிடமும் சொல்லி அனுப்புங்கள். அவர் பிழைக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். முதல் பட்டறையில் கழற்றிய பழைய ஈசியூ, பிளாக், பிஸ்டன், மாற்றியிருந்தால் இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அவை உங்கள் பொருள்கள். இதுவரை வாங்கிய ரசீதுகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் போகாமல் வார நாளில் போய், மேனிஃபோல்ட் கசிவு, வால்வு இடைவெளி, கம்ப்ரெஷன் மூன்றையும் மட்டும் பார்த்துச் சொல்லக் கேளுங்கள். அதற்கு மேல் எதையும் அன்றைக்கே மாற்ற வேண்டாம். கிடைத்த எண்களை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். இப்படித் தவித்துத் தீர்வு கண்ட தங்காக், மூவார், செகாமட், ஜாசின் வாசகர்களும் எழுதலாம். கடைப் பெயரை விட்டுவிட்டு, என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தார்கள், எவ்வளவு செலவு என்பதை மட்டும் அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கத்தில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்