பீடிங்கைக் கழற்றி எடைக்குப் போடாதீர்கள்

நம் சிவகாசி, விருதுநகர் பக்கம் பழைய கார்களுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. அச்சகம், தீப்பெட்டி, பட்டாசு என்று தொழில் செய்த குடும்பங்களில் தாத்தா ஓட்டிய ஃபியட்டோ அம்பாசடரோ ஷெட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். பேரன் தலையெடுத்ததும் அதை எழுப்புகிறான். நல்ல காரியம்தான். இன்ஜினுக்குச் செலவு செய்கிறார்கள், பெயின்ட்டுக்குச் செலவு செய்கிறார்கள், சீட்டுக்கும் செலவு செய்கிறார்கள். ஆனால் கதவு ஓரத்தில் ஓடும் அந்தப் பளபளப்பான பட்டை, நம்மூர்ப் பட்டறைகளில் 'பீடிங்' என்கிறார்களே, அது மட்டும் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. டிங்கர் வேலை தொடங்கிய அன்றே கழன்று, மூலையில் வளைந்து கிடந்து, கடைசியில் பழைய இரும்பு வியாபாரியின் தராசில் ஏறிவிடுகிறது. இது சரியில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, குமாஸ்தா வேலைக்காக இந்தப் பக்கம் வந்து, இங்கேயே தங்கிவிட்டவன். பிரெஞ்சில் இந்தப் பட்டைக்குப் பெயர் 'பகெத்'. குச்சி என்று பொருள். அவர்கள் சாப்பிடும் நீள ரொட்டிக்கும் அதே பெயர்தான். சக்கரத்தின் மேல் போடும் மூடிக்கோ 'ஆன்ஜொலிவேர்' என்று பெயர், அதாவது அழகுபடுத்துவது. நம் பாஷையில் சொன்னால் இவையெல்லாம் காருக்குக் கரை. கரை இல்லாத வேட்டியையும் கட்டலாம், மானம் போய்விடாது. ஆனால் கரை போட்டு நெய்த வேட்டியில் கரையை மட்டும் கிழித்து எறிந்துவிட்டுக் கட்டினால் எப்படி இருக்கும்?

பட்டை வெறும் அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். அது காரின் அடையாளம். அமெரிக்கக் கம்பெனிகள் 1950களில் ஆண்டுதோறும் பட்டையின் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். விவரம் தெரிந்தவர்கள் பட்டையைப் பார்த்தே அது எந்த வருடத்து மாடல் என்று சொல்லிவிடுவார்கள். காமராஜர் பயணம் செய்த செவ்ரோலெட்டின் எண் எம்.டி.டி. 2727 என்பது நம் மாவட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு மனப்பாடம். அந்தக் காலத்துச் செவ்ரோலெட் ஒன்றை, அதன் வெள்ளிக் கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டு நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கறுப்புக் கார், அவ்வளவுதான்.

முதலில் பட்டை எந்த உலோகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சில கார்களில் எவர்சில்வர், சிலவற்றில் அலுமினியம், சிலவற்றில் இரும்பின் மேலோ பித்தளையின் மேலோ குரோமிய முலாம். காந்தம் ஒட்டினால் அது வெறும் இரும்பு, தூக்கிப் போடலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். கார்ப் பட்டைக்குப் பயன்படும் எவர்சில்வரில் ஒரு வகையில் நிக்கல் கிடையாது, சுமார் 17 சதவீதம் குரோமியம் மட்டுமே. அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். சும்மா தேய்த்தாலே அது பளிச்சென்று வரும். முலாம் பூசத் தேவையே இல்லை.

எவர்சில்வர் பட்டையில் நசுங்கல் இருந்தால் மரக்கட்டை மேல் குப்புற வைத்து, பின்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு 400, 600, 1000 என்று படிப்படியாக நைசான உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பஃபிங். பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் பட்டறைக்காரரே இதைச் செய்துவிடுவார். நீளப் பட்டையைச் சக்கரம் பிடுங்கி எறிந்துவிடும். அதனால் ஒரு ரீப்பர் கட்டையில் கட்டி வைத்துத்தான் பாலிஷ் போட வேண்டும்.

அலுமினியப் பட்டை வேறு ஜாதி. அதன் மேல் மின்சார முறையில் ஏற்றிய ஒரு பாதுகாப்புப் படலம் இருக்கும். அது தெரியாமல் தேய்த்தால் படலம் போய், சில மாதங்களில் மங்கிவிடும். இன்னொன்று, இரும்பு அரைத்துப் பொறி பறக்கிற இடத்தில் அலுமினியத்தைத் தேய்க்கக் கூடாது. அலுமினியத் தூள் எப்படிப்பட்டது என்று சிவகாசிக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது மாட்டுவது. சரியான முறை பெயின்ட் அடிப்பதற்கு முன்பே தொடங்குகிறது. கழற்றும்போதே ஒவ்வொரு துண்டின் பின்னாலும் 'இடது முன் கதவு', 'வலது பின் ஃபெண்டர்' என்று எழுதி ஒட்டி, பழைய கிளிப் ஒன்றையாவது மாதிரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோப்புக்கு எண் போடாமல் அலமாரியில் வைத்தால் என்ன ஆகும் என்று ஆபீஸில் இருந்தவர்களுக்குத் தெரியும். பட்டி வேலை முடிந்து பிரைமர் அடித்ததும் எல்லாப் பட்டையையும் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட வேண்டும். கதவு ஏறி இறங்கி நின்றால் அப்போதே தெரிந்துவிடும். பெயின்ட் அடித்த பிறகு தெரிந்தால் அழுவதைத் தவிர வழியில்லை.

சிவகாசி அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நாலு வர்ணமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் 'ரெஜிஸ்டர் விலகிவிட்டது' என்பார்கள். முருகன் படமாக இருந்தாலும் மயில் படமாக இருந்தாலும் கண் உறுத்தும். காரிலும் அப்படித்தான். முன் ஃபெண்டர், முன் கதவு, பின் கதவு, பின் பக்கம் என்று நாலு துண்டும் ஒரே கோடாக, நூல் பிடித்தாற்போல் ஓட வேண்டும். ஒரு கதவில் அரை அங்குலம் இறங்கினாலும் தெருவில் போகிறவன் கண்ணுக்குத் தெரியும். நிஜமாகவே நூல் பிடித்துப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பெயின்ட் நன்றாக இறுகிய பிறகுதான் பட்டையை மாட்ட வேண்டும். ஓரமாக மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் கீறல் விழாது. ஓட்டையின் உள்விளிம்பிலும் பிரைமர் தொட்டு வைத்து, கிளிப்பின் அடியில் கொஞ்சம் சீலன்ட் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். சுத்தியல் கூடாது.

'பட்டைக்குள் தண்ணீர் தங்கித் துரு ஏறுகிறது, அதனால்தான் எடுத்துவிடுகிறோம்' என்று சில டிங்கர்கள் சொல்வார்கள். ஓட்டையின் பச்சை விளிம்புக்குப் பிரைமர் காட்டாததால்தான் பெரும்பாலும் துரு ஏறுகிறது. அதற்குப் பட்டை என்ன செய்யும்? புதுச்சேரி உப்புக்காற்றில் துரு படுத்துகிற பாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தக் காய்ந்த கரிசல் சீமையில் கார் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பத்மினி கார் ஒன்றைப் புதுப்பித்தார். பட்டறையில் கிளிப் ஓட்டைகளை எல்லாம் அடைத்து, மேலே பெயின்ட் அடித்து, பட்டையை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிக் கொடுத்தார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அக்னி நட்சத்திர வெயிலில் டேப் இளகி, நாலு வழிச் சாலையில் பட்டை பிய்ந்து பறந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த பையனின் தோளை உரசிக்கொண்டு போனது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கழுத்து. அவன் நல்ல நேரம், சட்டை கிழிந்ததோடு போயிற்று. ஓட்டைகளை அடைத்துவிட்டதால் இப்போது முறையாக மாட்டவும் வழியில்லை. அளவு பார்த்து மறுபடி துளைக்க வேண்டும்.

செலவு அதிகம் என்பார்கள். பெயின்ட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் கிளிப்புக்கும் பாலிஷுக்கும் ஆவது சொற்பம். தொலைந்த பட்டையைத் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்கு நடப்பதுதான் செலவு. அம்பாசடர் 2014இல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கு முன்பே போய்விட்டது. சென்னையில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இனிமேல் கம்பெனியிலிருந்து பட்டை வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

அதற்காக இல்லாத பட்டையைச் சேர்ப்பதும் தவறு. ஜீப்புக்கு வெள்ளிக் கரை கட்டி ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். பிரான்சில் 1948இல் அறிமுகமான சித்ரோன் 2சிவி குடியானவர்களுக்காகச் செய்த எளிய கார். அலங்காரம் இல்லாததே அதற்கு அழகு. இருந்ததை இருந்தபடி வைப்பதுதான் புதுப்பித்தல். 50 ஆண்டு தாண்டிய வாகனங்களுக்குத் தனிப் பதிவு தரும் மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதியும், வாகனம் மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. பட்டை என்று அதில் தனியாக எழுதவில்லை. எழுதினால்தான் செய்வோம் என்பது குமாஸ்தா புத்தி. அது கார்க்காரர்களுக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டு ஷெட்டில் பழைய கார் இருந்தால், பட்டறைக்கு அனுப்புவதற்கு முன் பேரனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பட்டைகளை எண்ணி எழுதி, துணியில் சுற்றி, வீட்டிலேயே பரணில் வைக்கச் சொல்லுங்கள். கார் பெயின்ட் ஆகி வந்த பிறகு எடுத்துக் கொடுத்தால் போதும்.