கேட்டலும் கேள்வியும்

தமிழில் ‘கேள்வி’ என்னும் ஒரே சொல் இரு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. செவியால் கேட்டறிவதும் கேள்வி. ஐயுற்று வினவுவதும் கேள்வி. திருக்குறளின் 42ஆம் அதிகாரம் கேள்வி. அதனை அடுத்து வருவது அறிவுடைமை. ஒரு செய்தியை யார் சொல்லக் கேட்டாலும் அதன் உண்மையை ஆராய்ந்து காண வேண்டும் என்னும் அறிவுரையை வள்ளுவர் கேள்வி அதிகாரத்தில் வைக்கவில்லை, அறிவுடைமையில் வைத்தார். செவியில் விழுவது வேறு, அறிவாக முதிர்வது வேறு என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகிறது. தொழில்நுட்பச் செய்திகளைச் செவிவழியே அறியும் பழக்கம் பரவிவரும் இக்காலத்தில், அவ்வேறுபாடு மீண்டும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

வலையொலியின் தோற்றம்

பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடர் தமிழில் வலையொலி என வழங்கப்பெறுகிறது. காணொலிகளைத் தாங்கிவரும் வலையொளியிலிருந்து அதனைப் பிரித்துக் காட்டுவது ஓரெழுத்தே. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் ‘பாட்காஸ்டிங்’ என்னும் சொல் இடம்பெற்றது. ஐபாட் என்னும் இசைக்கருவியின் பெயரும், ஒலிபரப்பைக் குறிக்கும் பிராட்காஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல்லும் இணைந்து உருவான புதுச்சொல் அது. 2005இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளுக்கு இடமளித்தது. அவ்வாண்டே நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அச்சொல்லை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

வானொலிக்கு அலைவரிசையும் அரசின் உரிமமும் வேண்டும். ஒலிபரப்பும் நேரத்தில் கேட்போர் காத்திருக்க வேண்டும். வலையொலிக்கு இவை தேவையில்லை. ஒலிவாங்கியும் இணைய இணைப்பும் உடைய எவரும் பேசலாம். கேட்போர் விரும்பும் நேரத்தில் கேட்கலாம். இந்த எளிமையே அதன் வலிமை. அதன் ஆபத்தும் இதிலிருந்தே பிறக்கிறது.

தொழில் வளர்ந்த நிலம்

சென்னையின் மேற்குப் புறநகர் தொழில்நுட்பச் செய்தியைத் தொலைவிலிருந்து கேட்கும் நிலப்பகுதி அன்று. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் அங்கே உருவான தொழிற்பேட்டை நூற்றுக்கணக்கான சிறுதொழிற்கூடங்களுக்கு இடமளித்தது. ஆவடியில் 1955இல் கூடிய காங்கிரசு மாநாடு சோசலிசப் பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. பத்தாண்டுகள் கழித்து அதே ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா பீரங்கி வண்டி வெளிவந்தது. ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் நீளும் மெட்ரோ தடம் ஓட்டுநரின்றி இயங்கும் வண்டிகளுக்காகத் திட்டமிடப்பட்டது. 2025 மார்ச்சில் அதன் சோதனை ஓட்டம் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே நிகழ்ந்தது. அம்பத்தூரில் இன்று தரவு மையங்களும் இயங்குகின்றன. ‘மேகம்’ என்று வலையொலிகள் பேசும் கணினிச் சேவை, உண்மையில் மின்சாரமும் குளிரூட்டியும் வேண்டும் இத்தகைய கட்டடங்களில்தான் குடியிருக்கிறது.

இத்தகைய நிலத்தில் வாழும் மாணவருக்குத் தொழில்நுட்பச் செய்தி பொழுதுபோக்கு மட்டுமன்று. எந்தப் பாடத்தைப் பயில்வது, எந்தத் தொழிலை நாடுவது என்னும் முடிவுகள் அச்செய்தியைச் சார்ந்திருக்கின்றன. எனவே, எதைக் கேட்பது, எவ்வாறு கேட்பது என்பவை வாழ்க்கையைத் தொடும் வினாக்கள் ஆகின்றன.

கேட்டல் தாழ்ந்ததா?

படிப்பதே கல்வி, கேட்பது சோம்பல் என்று கருதுவோர் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இயங்கி வருகிறது. அத்தகைய பள்ளிகளில் பயில்வோருக்குப் புடைப்பெழுத்தான பிரெயிலுடன் ஒலியும் ஒரு நூலகம். கடைசல் இயந்திரத்திலிருந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கும், நெரிசல் மிகுந்த புறநகர்த் தொடர்வண்டியில் நின்றுகொண்டே செல்லும் மாணவருக்கும் புத்தகத்தை விரிக்க இடமிராது. செவி மட்டும் திறந்தே இருக்கும். அந்நேரத்தைப் பயனுடையதாக்கும் ஊடகத்தை இகழ்வது அறிவுடைமை ஆகாது.

ஆயினும், கேட்டலுக்கு இயல்பான குறை ஒன்றுண்டு. அச்சிட்ட வரியின்மேல் கண் மீண்டும் செல்லும். ஐயம் எழுந்த இடத்தில் நிற்கும். ஒலியோ நிற்காமல் ஓடும். நாள்தோறும் காதருகே ஒலிக்கும் குரல் நண்பரின் குரல்போல் ஆகிவிடும். நண்பர் சொல்வதை யாரும் எளிதில் ஐயுறார். விளம்பரதாரர் இதனை நன்கு அறிவர். ஆகவேதான் வலையொலிகளில் விளம்பரத்தைப் பெரும்பாலும் தொகுப்பாளரே தம் குரலில் படிக்கிறார். செய்தி எங்கே முடிந்தது, விற்பனை எங்கே தொடங்கியது என்னும் எல்லை மங்கிவிடுகிறது. இணையத்தில் செல்வாக்குடையோர் விளம்பரத்தை விளம்பரம் என்றே அறிவிக்க வேண்டும் என இந்திய விளம்பரத் தரநிலை மன்றம் 2021இல் நெறிமுறை வகுத்தது. நெறிமுறை மட்டும் போதாது. கேட்போரின் விழிப்பும் வேண்டும்.

குரல் மனிதருடையதுதானா என்னும் வினாவும் இன்று சேர்ந்துள்ளது. 2024 செப்டம்பரில் கூகுள் நிறுவனத்தின் நோட்புக்எல்எம் என்னும் கருவி, கொடுக்கப்பட்ட ஆவணங்களை இருவர் உரையாடுவது போன்ற ஒலிப்பதிவாக மாற்றித் தரத் தொடங்கியது. அவ்விருவரும் மனிதர் அல்லர். இயந்திரம் தவறாகச் சொன்னாலும் அதன் குரல் தடுமாறுவதில்லை.

செய்தியும் போக்கும்

நடந்தது செய்தி, நடக்கக்கூடும் என்பது கணிப்பு, பலரும் பேசுவது போக்கு. தொழில்நுட்ப வலையொலிகளில் இம்மூன்றும் ஒன்றாகக் கலந்து வருகின்றன. 2021 அக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என மாற்றியபோது, மெய்நிகர் உலகமே எதிர்காலம் எனப் பேசப்பட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததும் பேச்சு முழுவதும் செயற்கை நுண்ணறிவின் பக்கம் திரும்பியது. முதற்பேச்சை நம்பி வாழ்க்கைத் திட்டம் வகுத்தவர் ஓராண்டு கடந்ததும் திகைத்திருப்பர்.

அறிஞரின் கணிப்பும் பிழைபடுவதுண்டு. செயற்கை நரம்பு வலையமைப்புத் துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன், கதிர்ப்பட மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம் என்றும், ஐந்தாண்டுகளில் இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்றும் 2016இல் கூறினார். அக்காலக்கெடு கடந்த பின்னும் கதிர்ப்பட மருத்துவரின் தேவை குறையவில்லை. ஹின்டன் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். அவர் சொல்லே இவ்வாறாயின், ஏனையோர் கணிப்புகளை எத்துணைக் கவனத்துடன் கேட்க வேண்டும்!

உலகப் போக்குகளின் ஆரவாரத்தில் உள்ளூர்ச் செய்தி மறைந்துபோவது மற்றொரு குறை. புதிய கைப்பேசியின் விலையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசும் வலையொலிகள் பல. ஆனால் மின்வாகனத்தில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கிராங்க் தண்டு இல்லை. இவற்றைக் கடைந்து பிழைக்கும் சிறுதொழிற்கூடம் நாளை எதைக் கடையும்? அம்பத்தூர் போன்ற தொழில் நகரத்துக்கு இதனைவிடப் பெரிய தொழில்நுட்பச் செய்தி எது? அதனைத் தமிழில், தொழிலாளிக்கு விளங்கும் சொல்லில் பேசும் குரல்கள் பெருக வேண்டும்.

ரேடியோ நெல் தரும் பாடம்

செவிவழித் தொழில்நுட்பச் செய்தி வாழ்வை மாற்றிய வரலாறு தமிழகத்துக்குப் புதிதன்று. 1960களின் நடுப்பகுதியில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் வகையை உருவாக்கியது. குறுவைப் பருவத்துக்கு ஏற்ற அந்நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் உழவர்க்கு எடுத்துரைத்தது. தஞ்சை வயல்களில் அது விரைந்து பரவியது. கேட்டறிந்த நெல் ஆதலால், உழவர் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஆயினும், அங்கே வானொலி தனித்துச் செயல்படவில்லை. ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அலுவலரும் அருகில் இருந்தனர். கேட்டதை வயலில் சோதித்துப் பார்க்கவும் இயன்றது.

1956இல் யுனெசுகோவின் துணையுடன் புனே வானொலி நிலையம் நடத்திய ஆய்வும் இதனையே காட்டுகிறது. சில சிற்றூர்களில் மக்கள் மன்றமாகக் கூடி ஒலிபரப்பைக் கேட்டு, அது முடிந்ததும் கலந்துரையாடினர். வேறு சில சிற்றூர்களில் வானொலிப் பெட்டி இருந்தது; மன்றம் இல்லை. ஆய்வை நடத்திய பால் நியூரத், மன்றம் இருந்த ஊர்களில் அறிவு பெருமளவு உயர்ந்ததையும், பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அவ்வுயர்வு காணப்படாததையும் பதிவு செய்தார். கேட்டது ஒரே ஒலிபரப்பு. வேறுபாட்டை உண்டாக்கியது உரையாடல்.

செய்யத்தக்கவை

இன்றைய வலையொலிக் கேட்பு பெரும்பாலும் தனித்த கேட்பு. காதுக்குள் செருகிய ஒலிப்பான் கேட்போரைச் சுற்றத்தினின்று பிரித்துவிடுகிறது. எனவே பள்ளிகள்தோறும் கேள்வி மன்றங்கள் தோன்றுவது நன்று. வாரம் ஒரு வலையொலியை மாணவர் சேர்ந்து கேட்கலாம். பேசுபவர் யார், அவருக்கு அதனால் வரும் ஆதாயம் யாது, கூறியது நிகழ்ந்ததா அல்லது கணிப்பா, எங்கே சரிபார்க்கலாம் என நான்கு வினாக்களை எழுப்பி விடை தேடலாம். மறுவாரம் ஒரு பொறியாளரையோ தொழிற்கூட உரிமையாளரையோ அழைத்து, கேட்டதை அவர் பட்டறிவோடு ஒப்பிடலாம்.

அடுத்த படி, கேட்போர் பேசுவோராதல். அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியபோது உரிமமும் அலைபரப்பியும் தேவைப்பட்டன. இன்று ஒரு கைப்பேசியே போதும். ஆவடியிலோ அம்பத்தூரிலோ பயிலும் மாணவர், தம் தெருவின் கடைசல் பட்டறை கணினிவழி இயங்கும் இயந்திரத்துக்கு மாறிய கதையைத் தமிழில் பதிவு செய்வாராயின், அது எந்த வெளிநாட்டு வலையொலியும் தர இயலாத செய்தி. கலைச்சொற்கள் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. பேசுவோர் நாவிலும் கேட்போர் செவியிலும் வாழ்கின்றன. அவ்வாறு பேசப்படும்போதே தமிழ் தொழில்நுட்ப மொழியாக வலுப்பெறும்.

கருவிகள் மாறும், வானொலி வலையொலியாயிற்று, நாளை அது வேறொன்றாகும். கேட்டலையும் வினவலையும் ஒரே சொல்லில் இணைத்து வைத்த மொழியின் மாணவர்க்கு, முன்னதோடு நின்றுவிடுதல் பாதிக் கேள்வியே.