அடைத்த கதவும் அடங்காத ஆற்றலும்

பந்தாடினால் பெண்மை கெடுமென்று ஓலமிடுவோர் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் சரித்திரத்தை நோக்குவாராக! 1896 ஏப்ரல் 4ல் அதன் மாணவிகள், சான்பிரான்சிஸ்கோ நகரில், பெர்க்லி சர்வகலாசாலை மாணவிகளைக் கூடைப்பந்தில் 2-1 என வென்றனர். ஆட்டத்தைக் காண ஆடவர்க்கு அனுமதியில்லை. அவ்வளவு கட்டுப்பாடிருந்தும் மனம் ஆறாத நிர்வாகிகள், மாணவியர் குழுக்கள் வெளிக் கலாசாலைகளோடு போட்டியிடுவதை 1899ல் தடுத்தனர். தோற்றவரையா தடுத்தனர்? வென்றவரையன்றோ!

அரசாங்கப் பொருள் பெறும் கல்விக்கூடங்களில் ஆண் பெண் பேதம் கூடாதென்று 1972ல் சட்டம் பிறந்தது. அதன்பின் அச்சர்வகலாசாலைப் பெண்கள் 1990, 1992, 2021 ஆகிய ஆண்டுகளில் தேசிய வெற்றிவாகை சூடினர். இடைக்காலத்தில் பெண்ணின் ஆற்றலா மாண்டது? அன்று, கதவே அடைபட்டிருந்தது.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் பெற்றோரே! கதவை அடைத்துவிட்டுப் பெண்ணைப் பலவீனி என்பது நியாயமாகுமா? சிந்தியுங்கள்!