லிங்கரின் வாயை அடைக்காதீர்கள்

வேறொருவர் கட்டிக் கொடுத்த லைப்ரரியை நம் கம்பைலரோடு சேர்க்கும்போது லிங்கர் பக்கம் பக்கமாகக் குறை சொல்லும். உடனே பல குழுக்களில் தொடங்குவது, அதன் வாயை அடைக்கும் வழியைத் தேடும் வேலைதான். வழியும் இருக்கிறது. விஷுவல் சி++ லிங்கருக்கு ‘ஃபோர்ஸ்’ என்றொரு ஆப்ஷன் உண்டு. தீராத சிம்பல்களைக் கண்டுகொள்ளாதே என்று குனு லிங்கரிடமும் சொல்லலாம். பில்ட் பச்சையாகிவிடும், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். இந்தப் பழக்கம் நம் தொழிலுக்கு ஆகாது.

சி++இல் ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம். அதனால் கம்பைலர் ஒவ்வொரு பெயரோடும் நேம்ஸ்பேஸ், ஆர்கியுமென்ட் வகை எல்லாவற்றையும் பின்னி நீண்ட சிம்பலாக்குகிறது. லினக்ஸில் ஜிசிசியும் கிளாங்கும் இட்டானியம் சிப்புக்காக எழுதப்பட்ட பின்னல் விதியைப் பின்பற்றுகின்றன. அந்தச் சிப் சந்தையை விட்டே போய்விட்டது. விதி மட்டும் நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் பின்னல் வேறு. அதன் சிம்பல்கள் கேள்விக்குறியில் தொடங்கும். எல்லோரும் ஒரே மாதிரி பின்னியிருந்தால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று தோன்றும். மார்கரெட் எல்லிஸும் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் 1990இல் வெளியிட்ட சி++ விளக்கக் கையேடு அதற்கு நேர்மாறான யோசனையைச் சொன்னது. விர்ச்சுவல் டேபிள் அமைப்பு, எக்ஸெப்ஷன் கையாளும் விதம் போன்றவற்றில் ஒத்துப்போகாத கம்பைலர்கள் பெயர்களையும் வெவ்வேறாகப் பின்னட்டும். சேரக் கூடாதவை லிங்க் செய்யும்போதே மாட்டிக்கொள்ளட்டும் என்றது. நம்மை எரிச்சலூட்டும் பிழை, தெரிந்தே போடப்பட்ட வேலி.

அந்த வேலியின் அருமை 2015இல் வந்த ஜிசிசி 5இல் நன்றாகத் தெரியும். சி++ 2011 தரநிலை, காப்பி-ஆன்-ரைட் முறையில் இயங்கும் ஸ்ட்ரிங்குக்கு இடமில்லாமல் செய்தது. லிஸ்டின் நீளத்தை எண்ணிப் பார்க்காமல் உடனே சொல்ல வேண்டும் என்றது. ஜிசிசி 5 இரண்டின் உள்ளமைப்பையும் மாற்றியது. 64 பிட் இயந்திரத்தில் பழைய ஸ்ட்ரிங் ஒரே ஒரு பாயின்டர், அதாவது 8 பைட். புதியது 32 பைட். பெயர் அப்படியே இருந்து உள்ளே மட்டும் மாறியிருந்தால், லைப்ரரி 8 பைட்டை நிரப்பிவிட்டுப் போகும், அழைத்த நிரல் 32 பைட்டைப் படிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. வாடிக்கையாளரின் சர்வரில் என்றோ ஒருநாள் நிரல் விழும். அப்படி ஆகாமலிருக்கவே புதிய வகைகளை ‘சிஎக்ஸ்எக்ஸ்11’ என்ற உள் நேம்ஸ்பேஸில் வைத்தார்கள்.

ஆகவே, கிடைக்காத சிம்பலில் அந்தச் சொல் தென்பட்டால் லைப்ரரி பழைய அமைப்பில் கட்டப்பட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதற்கான மேக்ரோவுக்கு 0 கொடுத்து நம் நிரலையும் பழைய அமைப்புக்குக் கொண்டுபோகலாம். ஆனால் முழு நிரலையும் அப்படிக் கட்ட வேண்டும். பிழை வந்த ஃபைலை மட்டும் மாற்றுவது ஆபத்து. ஏனென்றால் வேலியில் ஓட்டை உண்டு. ஸ்ட்ரிங்கை உறுப்பாகக் கொண்ட நம் சொந்த ஸ்ட்ரக்சரின் பெயரில் எந்த அடையாளமும் ஏறாது; அதை வாங்கும் ஃபங்ஷன் லிங்கரைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். இன்னொரு செய்தி: ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7க்கான டெவ்டூல்செட் கம்பைலரில் மேக்ரோவுக்கு 1 கொடுத்தாலும் பழைய அமைப்புதான் வரும். லிப்டார்ச் பல ஆண்டுகள் லினக்ஸுக்கு இரண்டு தனித்தனிப் பொதிகளாக வந்ததும் இந்தப் பிளவால்தான்.

விண்டோஸில் கதை கொஞ்சம் எளிது. விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் 2022 வரை கட்டியவை ஒன்றோடொன்று சேரும். கலந்திருப்பவற்றில் மிகப் புதிய பதிப்பின் லிங்கரையோ அதற்கும் புதியதையோ பயன்படுத்தினால் போதும். அதற்கு முந்தைய பதிப்புகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எல்என்கே2038 பிழை வந்தால் பெரும்பாலும் டீபக்கும் ரிலீஸும் கலந்திருக்கும், அல்லது ரன்டைம் தேர்வு ஒத்திருக்காது. மிங்ஜிடபிள்யூவில் கட்டிய சி++ லைப்ரரியை மைக்ரோசாஃப்ட் கம்பைலரோடு சேர்க்கப் போராடுவது வீண். க்யூட்டி இரண்டுக்கும் தனித்தனியே பைனரி தருவதைப் பார்த்தாலே தெரியும்.

மூலநிரல் கையில் இருந்தால் நம் கம்பைலரிலேயே மறுபடி கட்டுவதுதான் தீர்வு. வேறு உத்திகளில் நேரம் போக்க வேண்டாம். கம்பைலர், அதன் பதிப்பு, ஸ்டாண்டர்ட் லைப்ரரி எல்லாவற்றையும் சேர்த்தே கானன் என்ற பொதி மேலாளர் ஒரு பொதியை அடையாளம் காண்பது இதற்காகத்தான். மூலநிரல் தராத லைப்ரரி என்றால், அவர்கள் பயன்படுத்திய கம்பைலரிலேயே மெல்லிய சி உறை ஒன்றை எழுதி டிஎல்எல் ஆக்க வேண்டும். மிங்ஜிடபிள்யூ லிங்கர் அந்த டிஎல்எல்லை நேராகவே ஏற்கும். மைக்ரோசாஃப்ட் பக்கம் சேர்க்க, டெஃப் ஃபைலிலிருந்து ‘லிப்’ கருவி இம்போர்ட் லைப்ரரி செய்து தரும்.

பலர் சறுக்குவது இந்த உறையில்தான். ‘எக்ஸ்டர்ன் சி’ போட்டுவிட்டு ஆர்கியுமென்டில் ஸ்ட்ரிங்கையும் வெக்டரையும் அனுப்புகிறார்கள். பின்னல் நீங்கியதால் லிங்கர் மறுக்காது. 8 பைட், 32 பைட் தகராறு மட்டும் அப்படியே உள்ளே இருக்கும். இது ‘ஃபோர்ஸ்’ ஆப்ஷனைவிட மோசம், பார்ப்பதற்கு ஒழுங்கான நிரல்போல் இருப்பதால். எல்லையைக் கடப்பவை எண்கள், பாயின்டர்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாத ஹேண்டில்கள் மட்டுமாக இருக்கட்டும். எக்ஸெப்ஷனை உறைக்குள்ளேயே பிடித்துப் பிழை எண்ணாகத் திருப்ப வேண்டும். நினைவகத்தை ஒதுக்கிய பக்கமே விடுவிக்கவும் வேண்டும். இரண்டு ரன்டைம்கள் இருந்தால் ஹீப்பும் இரண்டு. எஸ்க்யூலைட் தான் ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கத் தனி ஃபங்ஷன் வைத்திருப்பதைப் பாருங்கள். எந்தக் கம்பைலரிலிருந்தும் அதை அச்சமின்றி அழைக்க முடிகிறது.

பைனரி விற்பவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த ஸ்டாண்டர்ட் லைப்ரரி, எந்த ரன்டைம் என்ற நான்கு விவரங்கள் கூட இல்லாமல் பொதிகள் இன்னும் வருகின்றன. வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். நம் இதழுக்கு லைப்ரரி மதிப்புரை அனுப்புவோரும் இனி இந்த நான்கையும் முதல் பத்தியிலேயே தர வேண்டும். தராத மதிப்புரை திருப்பி அனுப்பப்படும்.