கொம்பு இல்லாத யானை என்ன விலை?

போன செமஸ்டர் லீவுல ஹாஸ்டல் மச்சி ஒருத்தன் சென்னையிலேர்ந்து பையைக் கட்டிக்கிட்டு எங்க ஊர் நெல்லியாளத்துக்கு வந்து இறங்கிட்டான். (நீலகிரிதான், ஆனா ஊட்டி இல்ல. பந்தலூர் பக்கம், கேரளா பார்டர்.) வந்ததும் முதல் கேள்வி: "மாப்ள, யானையை எங்கடா காட்டுவே?"

கூடலூர் போய், அங்கிருந்து மைசூர் ரோட்ல தெப்பக்காடு. முதுமலை புலிகள் காப்பகத்தோட வரவேற்பு மையம், சஃபாரி டிக்கெட், யானைகள் முகாம் எல்லாம் அங்கதான். 2023-ல ஆஸ்கர் வாங்கின 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' எடுத்த முகாம்! சாயங்காலம் பாகன்கள் கேழ்வரகு உருண்டையை வாய்ல ஊட்டி விடுற அழகு இருக்கே... நம்ம மெஸ் சாப்பாட்டை நெனச்சு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு பாஸ்.

அப்புறம் ஷாப்பிங். வழியில ஒரு கடை. புலி டி-ஷர்ட், கீ-செயின், தைலம், வர்க்கி. நம்மாளு 250 ரூபாய்க்கு ஒரு பீங்கான் யானையைத் தூக்கினான். பெரிய தந்தம், நெத்திப்பட்டம்னு செம பந்தா. வீட்டுல அம்மாயி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு கேட்டுச்சு: "ஏந்தம்பி, நம்ம அரிசி ராஜாவுக்குக் கொம்பே கெடையாதே?"

அரிசி ராஜா யாரா? தந்தம் இல்லாத ஆண் யானை, அதாவது மக்னா. வனத்துறை வச்ச பேர் பி.எம்.2. சுவரை இடிச்சு அரிசியைத் தின்னுக்கிட்டிருந்துச்சு. 2022 நவம்பர்ல தேவாலா பக்கம் ஒரு பெண் அது தாக்கி இறந்துபோனாங்க. டிசம்பர்ல கும்கிகளைக் கொண்டுவந்து, மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு முதுமலைக் காட்டுல விட்டாங்க. அது நடந்தே வயநாடு போய் சுல்தான் பத்தேரி டவுனுக்குள்ள நுழைஞ்சது தனிக்கதை. இப்பவும் ஏழு மணிக்கு டீ குடிக்கக் கிளம்பின நண்பனை அம்மா வாசல்லயே மறிச்சுட்டாங்க. பையன் முகத்துல ஈயாடல!

இப்ப மேட்டருக்கு வர்றேன். கூடலூர்ல பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் சமூகத்து ஆளுங்க யானை செய்றாங்க. நெஜ சைஸ்ல! கம்பிக் கூட்டுக்கு மேல, வேகவெச்சு தோல் உரிச்ச உண்ணிச்செடிக் குச்சியை வளைச்சுக் கட்டுறது. (மெக்கானிக்கல் பசங்க கவனிக்க: வெல்டிங்தான் அஸ்திவாரம்.) உண்ணிச்செடின்னா ரோட்டோரம் கலர் கலரா பூக்குமே, அதேதான். வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்தது, முதுமலைக் காட்டுக்குள்ள புதரா மண்டிப் புல்லை முளைக்கவிடாம அடைச்சுருச்சு. யானைக்கும் மானுக்கும் தின்ன முடியாது. இந்தக் களையை வெட்டினா காட்டுக்கு லாபம், கட்டினா கூலி.

ஒவ்வொண்ணும் நம்ம பக்கம் நடமாடுற ஒரு நெஜ யானையைப் பார்த்து செஞ்சது. 2021-ல லண்டன் பார்க்குகள்ல நின்னுச்சு, 2024-ல 100 யானை அமெரிக்கா போச்சு. வித்த காசு, மனுஷனும் மிருகமும் சேர்ந்து வாழற திட்டங்களுக்கு.

லண்டன்காரன் பார்த்துட்டான். நாங்க போன கடைகள்ல ஒரு குட்டி உண்ணிக்குச்சி யானைகூட என் கண்ணுல படல. பீங்கான்தான்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், ஐ.வி., டூர்னு முதுமலைப் பக்கம் வந்தா கடைக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க: "அண்ணே, உண்ணிக்குச்சியில செஞ்ச யானை இருக்கா?" முடிஞ்சா கொம்பு இல்லாததா கேளுங்க. அம்மாயிக்கு ஒண்ணு வேணுமாம்.